பள்ளியிலிருந்து புகார் வந்திருக்கிறது: ஏ.டி.எச்.டி. சோதனைக்குப் போவதா, பொறுப்பதா, போனால் எங்கே?

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. முதல் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் முடிந்த வாரத்திலிருந்தே இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். கேட்பவர்களில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்தான் அதிகம். "வகுப்பில் ஒரு நிமிடம் உட்காருவதில்லையாம். பக்கத்தில் இருப்பவனை எழுத விடுவதில்லையாம். டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று மிஸ் சொல்லிவிட்டார். மாமியாரோ, இவன் அப்பனும் இந்த வயதில் இப்படித்தான் ஆடினான், இதற்கெல்லாமா ஆஸ்பத்திரி என்கிறார். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?"

மாமியாரின் வாதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏ.டி.எச்.டி. என்னும் இந்தக் கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறு குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் மரபின் பங்கை 70 சதவீதத்துக்கு மேல் வைக்கின்றன. ஆகவே "அப்பனும் இப்படித்தான்" என்று சொல்லி மருத்துவரைத் தவிர்க்க முடியாது. மருத்துவர் கேட்டால் முதல் வரியில் குறித்துக்கொள்ளும் தகவலே அதுதான்.

மிஸ் சொல்வதை எளிதில் தள்ளிவிடவும் கூடாது. ஒரே வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை நாள் முழுக்கப் பார்ப்பவர் அவர். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் அந்த நாற்பது பேரில் யார் இளையவர் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் செப்டம்பர் 1 என்று வயது வரம்பு வைத்திருக்கும் மாநிலங்களில், செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்கு 34 சதவீதம் கூடுதலாக ஏ.டி.எச்.டி. என்று முடிவுகட்டியிருந்தார்கள் என 2018இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. காரணம், அவர்கள் வகுப்பிலேயே ஏறத்தாழ ஒரு வயது சின்னவர்கள். தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று 5 வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. ஆக, ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளை வகுப்பின் கடைக்குட்டி. உங்கள் பிள்ளை அப்படி என்றால் அதை ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவருக்கும் நினைவிருக்காது.

## எதை வைத்து எடைபோடுவது

ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று, 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு. கவனம் நழுவுவதற்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் 9 அறிகுறிகள். ஏதேனும் ஒரு பட்டியலில் குறைந்தது 6 இருக்க வேண்டும். 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தலைகாட்டியிருக்க வேண்டும். பள்ளி, வீடு என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். படிப்போ நட்போ அன்றாடமோ அதனால் கெட்டிருக்க வேண்டும். கடைசி இரண்டு நிபந்தனைகளில்தான் பல புகார்கள் உதிர்ந்துவிடும். வகுப்பில் மட்டும் ஆட்டம், டியூஷனிலும் வீட்டிலும் பாட்டி வீட்டிலும் சமர்த்து என்றால், முதலில் அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும்.

இந்தப் பின்னணியில் ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் பார்க்கலாம். அது எந்தச் சந்தேகத்துக்கு விடை தரும்? எவ்வளவு காலமும் பணமும் பிடிக்கும்? கையில் கிடைக்கும் காகிதம் எங்கே செல்லுபடியாகும்? அதுவரை பிள்ளைக்கு என்ன ஆகும்? நான்காவது கேள்வியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

## வழி 1: பொறுத்துப் பார்ப்பது

பொறுப்பது என்றால் சும்மா இருப்பது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பொறுப்பதைவிட நேரே மருத்துவரிடம் போய்விடுவது மேல். பொறுப்பதற்கு ஒரு கெடு வேண்டும்: ஆறு முதல் எட்டு வாரம். அந்த வாரங்களில் மாற்றிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஜன்னலும் கதவும் இல்லாத பக்கம் முன் பெஞ்ச். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. போர்டு அழிக்க, நோட்டுகளை அடுக்க என்று எழுந்து நடமாட ஒரு வேலை. வீட்டில் தூக்கம்: 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். இரவு எட்டு மணி வரை டியூஷன், பத்தரைக்குப் படுக்கை, ஐந்தரைக்கு எழுந்து வேன் என்று ஓடும் பிள்ளை வகுப்பில் நெளியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கூடவே, பையைத் திறந்து வகுப்பு நோட்டுகளைப் பாருங்கள். போர்டைப் பார்த்து எழுதும் பாடமாக இருக்கட்டும். ஒரு வகை நோட்டில் தேதி போட்டு, கோடு கிழித்து, முதல் மூன்று வரிகள் முத்துமுத்தாக இருக்கும். நான்காவது வரி "தாவரங்களின் வே" என்று பாதியில் நிற்கும்; ஓரத்தில் ஒரு ராக்கெட் பறக்கும். மறுநாள் பக்கமும் அப்படியே, ராக்கெட் மட்டும் பெரிதாகியிருக்கும். இது கவனம் நழுவும் நோட்டு. இன்னொரு வகையில் வரிகள் முழுதாக இருக்கும். ஆனால் புள்ளிகள் காணாமல் போய், கொம்பும் காலும் இடம் மாறி, ஒரே சொல் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். அங்கே முதலில் கற்றல் குறைபாட்டை, அதாவது அறிவு இருந்தும் வாசிப்பும் எழுத்தும் கைவராத நிலையை, சந்தேகிக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதியது சரி, போர்டைப் பார்த்து எழுதியது மட்டும் தப்பு என்றால் போக வேண்டியது கண் மருத்துவரிடம். நோட்டு தீர்ப்புச் சொல்லாது, திசை காட்டும். மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.

இந்த வழியில் பணச் செலவு இல்லை. மறைந்திருக்கும் செலவு வேறு: "சோம்பேறி", "அடங்காப்பிடாரி" என்ற பட்டங்கள் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டிருக்கும். மூன்றாம் வகுப்புக்கு மேல் எழுத்து வேலை கூடக் கூட, பின்தங்கல் வேகமாக வளரும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஓடியாடாமல் கனவு கண்டுகொண்டிருக்கும் பெண்ணைப் பற்றி யாரும் டைரியில் சிவப்பு மையால் எழுதுவதில்லை. அவளை "அமைதியான பொண்ணு, கொஞ்சம் மந்தம்" என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

இது பொருந்துவது: புகார் புதிது, ஒரே ஆசிரியரிடமிருந்து வந்தது, பிள்ளை வகுப்பின் கடைக்குட்டி, அல்லது வீட்டில் அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது. ஊர் மாற்றம், தம்பி பிறந்தது, தாத்தா மறைவு, பெற்றோர் சண்டை. பிள்ளைகள் துக்கத்தையும் பயத்தையும் பல நேரம் உட்கார முடியாமல்தான் காட்டுகிறார்கள்.

## வழி 2: மருத்துவரிடம் தொடங்குவது

என் கணக்கில் பெரும்பாலோருக்கு இதுதான் சரியான முதல் வாசல். வழக்கமாகத் தடுப்பூசி போடும் குழந்தை மருத்துவரிடமே தொடங்கலாம். அவர் குழந்தை வளர்ச்சி நிபுணருக்கோ குழந்தை மனநல மருத்துவருக்கோ அனுப்புவார்.

மருத்துவரை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஏ.டி.எச்.டி. போலவே தோற்றம் காட்டும் உடல் கோளாறுகள் பல. நடுக்காதில் நீர் கோத்து காது மந்தமான பிள்ளை, சொன்னதைக் கேட்காத பிள்ளையாகத் தெரியும். மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து இரவெல்லாம் குறட்டை விட்டு, வாயைத் திறந்து தூங்கும் பிள்ளை, பகலில் சோர்வதற்குப் பதிலாகத் துள்ளும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு ஆகியவையும் உண்டு. பேச்சின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு எதுவும் நடக்காததுபோலத் தொடரும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். மூளை அலைப் பதிவு தேவைப்படுவது அங்கேதான். ஏ.டி.எச்.டி.யை உறுதிப்படுத்த அது வழக்கமான சோதனை இல்லை. "பிரெயின் மேப்பிங்" என்று யாராவது தொகுப்பு விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல மருத்துவர் பத்து நிமிடத்தில் முடிவு சொல்ல மாட்டார். வாண்டர்பில்ட் போன்ற அறிகுறி மதிப்பீட்டுப் படிவங்களைக் கொடுத்து, ஒன்றைப் பெற்றோரும் ஒன்றை ஆசிரியரும் நிரப்பச் சொல்வார். ஆசிரியர் படிவம் இல்லாமல் முடிவு சொல்பவரிடம், "ஆசிரியர் சொல்வதையும் பார்க்க வேண்டாமா?" என்று கேளுங்கள். பிள்ளை அந்தச் சின்ன அறையில் கைகட்டி உட்கார்ந்திருந்ததை வைத்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினாலும் அதே கேள்விதான். புது இடத்தில், புது மனிதர் முன்னால் எந்தப் பிள்ளையும் சற்று அடங்கும். செல்போனில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறானே என்ற வாதமும் செல்லாது. நொடிக்கு நொடி பரிசு தரும் பொருளிடம் இந்தப் பிள்ளைகளும் கட்டுண்டு கிடப்பார்கள். சிக்கல் எல்லாம் பரிசு தள்ளிப்போகும் வேலையில்தான்.

மறைந்திருக்கும் செலவு: தொடர் வருகை. மருந்து என்று முடிவானால் எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம். ஏ.டி.எச்.டி.க்குப் பரவலாகத் தரப்படும் மீதைல்ஃபெனிடேட், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வரும் மருந்து என்பதால் சின்ன ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது. "மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிடுவார்கள்" என்ற பயம் மட்டும் வேண்டாம். அது ஊக்கி வகை மருந்து, மயக்க மருந்து இல்லை. 6 வயதுக்குக் கீழே என்றால் முதலில் மருந்தைத் தொடுவதே இல்லை. பெற்றோருக்கு நடத்தைப் பயிற்சி அளிப்பதுதான் முதல் சிகிச்சை என்று 2019ஆம் ஆண்டின் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்க வழிகாட்டுதல் சொல்கிறது.

## வழி 3: உளவியலாளரிடம் முழு மதிப்பீடு

பள்ளிகள் "ரிப்போர்ட் கொண்டு வாருங்கள்" என்னும்போது அவர்கள் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். இரண்டு மூன்று அமர்வுகள். அறிவுத்திறனுக்கு மாலின் அல்லது பினே-காமத் அளவுகோல், வாசிப்புக்கும் எழுத்துக்கும் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸின் கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு, கூடவே நடத்தைப் படிவங்கள். தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

எதிர்பார்ப்பைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். அறிவுத்திறன் எண் ஏ.டி.எச்.டி. உண்டா இல்லையா என்று சொல்லாது. இந்த மதிப்பீட்டின் உண்மையான பலன் கற்றல் குறைபாட்டைப் பிரித்துக் காட்டுவது. அது பெரிய பலன். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் கணிசமானோருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். வாசிக்க முடியாத பிள்ளை வகுப்பில் வேறு என்னதான் செய்யும்? பென்சிலைச் சீவும், தண்ணீர் குடிக்கப் போகும், பக்கத்தில் இருப்பவனை இடிக்கும்.

காகிதத்தின் பெறுமதி இங்கேதான் மாறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுதுநர் போன்ற சலுகைகள் எதிர்காலத்தில் தேவைப்படும் என்று தோன்றினால் கற்றல் குறைபாட்டு மதிப்பீடு முக்கியம். அதற்கான சான்றிதழ் பொதுவாக 8 வயது வாக்கில்தான் சாத்தியமாகும். அதுவும் அரசு மருத்துவக் குழு தருவதுதான் செல்லும். தனியார் அறிக்கை பள்ளி வாசல் வரைதான் வரும்.

பணம் கட்டும் முன் உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். தயக்கம் வேண்டாம், பதிவு உள்ளவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பொருந்துவது: மதிப்பெண் சரிவு, வாசிப்புத் தடுமாற்றம் ஆகியவை துறுதுறுப்புக்கு நிகராகவோ அதற்கு மேலோ இருந்தால்.

## வழி 4: அரசு மருத்துவமனை

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்து நடுத்தரக் குடும்பங்கள் ஒதுக்கிவிடும் வழி இது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை பார்க்கும் 30 நிலைகளில் கற்றல் குறைபாடும் ஏ.டி.எச்.டி.யும் உண்டு. அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குத்தான் வரும். ஆனால் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் இருக்கும் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு எல்லோருக்கும் திறந்தது. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவை உண்டு. சிக்கலான பிள்ளைகளை பெங்களூரு நிமான்ஸுக்கு அனுப்புவார்கள்.

இங்கே செலவு பணமாக இருக்காது, வேலைநாளாக இருக்கும். காலையில் சீட்டு வரிசை, ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவு, "அடுத்த வாரம் வாருங்கள்". தினக்கூலிக் குடும்பத்துக்கு இது சின்ன செலவு இல்லை. கூட்டம் மிகுந்த அறையில் பிள்ளையின் நடத்தையை நிதானமாகப் பார்க்கவும் நேரம் போதாது. பதிலுக்கு, கண், காது, மூக்கு, மனநலம் எல்லாம் ஒரே வளாகத்தில் முடியும். பிறகு சான்றிதழ் தேவைப்பட்டால் தனியாரிடம் முடித்துவிட்டு இங்கே மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.

எங்கே போவது என்றே தெரியாத ஊரில் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழைக்கலாம். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

## வழி 5: நேரே தெரபி மையம்

பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி என்று தரும் இந்த மையங்கள் மூலைக்கு மூலை முளைத்திருக்கின்றன. நல்லவையும் உண்டு. ஆனால் முதல் வாசலாக இது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிகிச்சை விற்கும் இடத்திலேயே "சிகிச்சை தேவையா" என்று கேட்டால் என்ன பதில் வரும்? மதிப்பீடு இலவசம், மூன்று மாதத் தொகுப்பு முன்பணம் என்ற ஏற்பாடு எச்சரிக்கை மணி. மருத்துவர் காரணத்தைப் பிரித்துச் சொன்ன பிறகு, இன்ன திறனுக்கு இத்தனை அமர்வு என்ற குறிப்போடு போனால் அதே மையம் பயனுள்ளதாகிவிடும்.

சர்க்கரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்ற அறிவுரையும் இந்த மையங்களின் சுவரில் ஒட்டியிருக்கும். சர்க்கரை துறுதுறுப்பைக் கூட்டுகிறது என்பதைக் கட்டுப்பாட்டுடன் நடந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. பல்லுக்காக நிறுத்துங்கள், நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு விடை தரும் | செலவு | காகிதம் | எப்போது முதல் தேர்வு |
|---|---|---|---|---|
| பொறுத்துப் பார்ப்பது | சூழலா, பிள்ளையா | பணம் இல்லை. தாமதம் | உங்கள் குறிப்பேடு | புகார் புதிது, ஒரே இடம் |
| மருத்துவர் | உடல் காரணமா, ஏ.டி.எச்.டி.யா | ஆலோசனைக் கட்டணம், தொடர் வருகை | மருத்துவர் கடிதம் | இரண்டு இடம், ஆறு மாதம் |
| உளவியல் மதிப்பீடு | கற்றல் குறைபாடு உண்டா | சில ஆயிரம் | விரிவான அறிக்கை | படிப்பும் சரிகிறது |
| அரசு மருத்துவமனை | எல்லாம், மெதுவாக | வேலைநாள் | சான்றிதழுக்கான நேர்வழி | செலவு தாங்காது, சான்றிதழ் வேண்டும் |
| தெரபி மையம் | எதற்கும் இல்லை | தொகுப்புக் கட்டணம் | பள்ளிக்கு மட்டும் | முதலில் வேண்டாம் |

இந்த வரிசையைத் தாண்டி உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலைகள் உண்டு. சாலையில் பார்க்காமல் பாய்வது போன்ற ஆபத்தான அவசரம், வெறித்துப் பார்த்து நின்றுபோவது, முன்பு செய்த ஒன்றைச் செய்ய முடியாமல் போவது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று பிள்ளையே சொல்வது. இவற்றில் எட்டு வாரக் கணக்கு கிடையாது.

## பள்ளி கெடு வைத்தால்

"ரிப்போர்ட் இல்லாமல் வகுப்பில் சேர்க்க மாட்டோம்", "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பேச்சு வந்தால் கலங்க வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்குவதைத் தடைசெய்கிறது. 17ஆம் பிரிவு அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

சட்டத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. ஆசிரியர் நிரப்பித் தர வேண்டிய படிவம் நம் கையில் இருக்கிறது. அவர் ஒத்துழைப்பு இல்லாமல் எந்த மருத்துவராலும் முழுப் படத்தைப் பார்க்க முடியாது. முழு அறிக்கையைப் பள்ளியிடம் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதில் குடும்ப விவரங்கள் எல்லாம் இருக்கும். கோப்பில் போனது எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது. வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒரு பக்கக் கடிதம் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். தனியாக ஒரு உதவி ஆசிரியரை உங்கள் செலவில் வைக்கச் சொன்னால், மருத்துவரின் கடிதத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். அந்தச் சம்பளம் பல வீடுகளில் பள்ளிக் கட்டணத்தையே மிஞ்சிவிடுகிறது.

தலைமையாசிரியருக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: புகாரைத் தெரிந்துகொண்டோம், இன்ன தேதி வரை வீட்டிலும் வகுப்பிலும் இன்னின்ன மாற்றங்களைச் செய்து பார்க்கிறோம், மருத்துவரிடம் இன்ன தேதியில் நேரம் வாங்கியிருக்கிறோம், இணைத்துள்ள படிவத்தை வகுப்பாசிரியர் நிரப்பித் தர வேண்டுகிறோம். நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.